ஸ்லாஷ் பைனில் பிசினும் வேண்டும், பருமனும் வேண்டும்: தாய்மரம் பொறுக்குவது எப்படி?

நாற்றங்கால்:
பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலக் கடலோரத்தில், மணல் நிலத்தில் நிற்கும் 12 வயது ஸ்லாஷ் பைன் (அமெரிக்கத் தென்கிழக்கைச் சேர்ந்த பைன் வகை) தோட்டம். ஒருமுறை அடர்த்தி குறைத்தாகிவிட்டது. மூன்று பருவமாகப் பட்டை சீவி, பசை தடவி, பிளாஸ்டிக் பை கட்டிப் பிசின் எடுக்கிறார்கள். சராசரி மரத்துக்கு ஆண்டுக்கு 3 கிலோ. சில மரங்கள் 6 கிலோவைத் தாண்டுகின்றன. அந்த மரங்களில் கூம்பு பறித்து அடுத்த நடவுக்கு நாற்று விடலாம் என்பது திட்டம். இதில் எவ்வளவு கூடுதல் எதிர்பார்க்கலாம்? பிசின் மரம் என்று பொறுக்கினால் வளர்ச்சி அடிபடுமா? விதை வழி போவதா, ஒட்டு அல்லது தண்டுத்துண்டு வழி போவதா?

வேரடி:
பை கனத்தை மட்டும் பார்த்துப் பொறுக்காதீர்கள். 6 கிலோ தரும் மரங்களில் பாதி வரிசை ஓரத்தில் நிற்கும். மீதியில் பல, பக்கத்து மரம் செத்ததால் வெயில் கிடைத்துப் பருத்தவையாக இருக்கும். தடி பருத்து, பச்சைக் கிளைக்கொண்டை நீண்டிருந்தால் பிசின் கூடத்தான் செய்யும். அது இடத்தால் வந்த லாபம், விதையில் இறங்காது.

வழக்கமான முறை இது. ஓரத்து இரண்டு வரிசைகளையும் இடைவெளி ஓர மரங்களையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். மிச்சத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு மரத்துக்கும், அதே மண்ணில் 10 மீட்டருக்குள் விட்டம் ஒத்த ஐந்து மரங்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள். ஐந்தின் சராசரியைப் போல ஒன்றரை மடங்காவது தந்தால் பட்டியலில் வைக்கலாம், இரண்டு மடங்கு தந்தால் பிளஸ் மரம், அதாவது தாய்மரமாக எடுக்கத் தகுந்தது. 1940-களின் தொடக்கத்தில் வட ஃபுளோரிடாவின் ஓலஸ்டியில் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ஸ்லாஷ் பைனில் தேடியதும் இந்த இரண்டு மடங்கு மரங்களைத்தான். அவற்றை ஒன்றோடொன்று கலந்து எடுத்த குடும்பங்களில் (ஒரே பெற்றோரின் நாற்றுகள்) சில, சாதாரண நாற்றைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பிசின் கொடுத்தன.

பிசின் அளவு மரபில் வலுவாக இறங்கும் குணம். ஸ்லாஷ் பைனில் அதன் பாரம்பரியத் திறன் (மரத்துக்கு மரம் உள்ள வித்தியாசத்தில் மரபால் வரும் பங்கு) 0.5-க்குப் பக்கத்திலோ மேலோ என்று பழைய ஃபுளோரிடா ஆய்வுகளிலேயே வந்துவிட்டது. உயரம், விட்டம் போன்றவற்றுக்கு அது 0.1 முதல் 0.3 வரைதான். அதனால் பிசினில் முன்னேற்றம் சீக்கிரம் கிடைக்கும், வளர்ச்சியில் மெதுவாகத்தான் வரும்.

கணக்கன்:
ஒப்பீட்டு மரம் பிடிப்பது நல்ல வழிதான். ஆனால் மரவாரியாக எடை இருந்தால் நேர்கோட்டுக் கணக்கு அதைவிடச் சுலபம். ஒரு பக்கம் விட்டம், இன்னொரு பக்கம் கிலோ. கோடு போட்டு, ஒவ்வொரு மரமும் கோட்டுக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள்.

கற்பனை எண்ணோடு சொல்கிறேன். தோட்டச் சராசரி 24 செ.மீ., 3 கிலோ. ஒரு செ.மீ.க்கு 0.25 கிலோ ஏறுகிறது. 'அ' மரம் 31 செ.மீ., 6.2 கிலோ. அந்தப் பருமனுக்கு 4.75 எதிர்பார்க்கலாம், ஆக மிச்சம் 1.45. 'ஆ' மரம் 23 செ.மீ., 4.9 கிலோ. எதிர்பார்ப்பு 2.75, மிச்சம் 2.15. பையைத் தூக்கிப் பார்த்தால் 'அ' ஜெயிக்கும். பிசின் மரபுக்கு 'ஆ'தான் தாய்மரம்.

கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். தேர்ந்த மரங்களின் மிச்சம் சராசரியாக 2 கிலோ என்றும் பாரம்பரியத் திறன் 0.5 என்றும் வைத்தால், தாய் தகப்பன் இரண்டும் தேர்ந்தவையாக இருக்கும்போது சந்ததியில் 1 கிலோ கூடும். நீங்கள் சொல்வதுபோல நிற்கிற மரத்தில் கூம்பை மட்டும் பறித்தால் தகப்பன் மகரந்தம் தோட்டத்துச் சராசரி. கூடுவது அரைக் கிலோதான். ஃபுளோரிடாவின் 0.5 உங்கள் மணலில் 0.3 ஆக இருந்தால் அதுவும் 0.3 கிலோவாகச் சுருங்கும்.

இன்னொன்று, அந்த மூன்று பருவ எடை மரவாரியாக இருக்கிறதா? பெரும்பாலும் பீப்பாய்க் கணக்குதான் எழுதுவார்கள்.

நாற்றங்கால்:
மரவாரி இல்லை. பீப்பாய்க் கணக்கேதான். 6 கிலோ என்பது பை மாற்றும் ஆட்கள் அடையாளம் வைத்த மரங்களில் எடுத்த எடை.

பிசின்_பை:
அப்படியானால் ஒரு பருவம் முழுக்க மரவாரி எடை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் எல்லா மரத்துக்கும் வேண்டாம். ஆட்கள் அடையாளம் வைத்தவற்றோடு, வரிசைக்குப் பத்தாவது மரம் என்று சீராக 200 மரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த 200 இல்லாமல் கணக்கன் சொல்லும் கோட்டைப் போட முடியாது. கவனிக்க வேண்டியவை:

சீவல் அகலம் எல்லா மரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கு என்று சீவினால் பருத்த மரத்துக்குப் பெரிய காயம் விழும், ஒப்பீடு கெட்டுவிடும். 18 செ.மீ. என்று வைத்தால் எல்லாவற்றிலும் 18 செ.மீ. சீவல் உயரம் 2 முதல் 2.5 செ.மீ., பட்டை மட்டும் போக வேண்டும், மரம் வெட்டுப்படக் கூடாது. 15 நாளைக்கு ஒருமுறை. பசை ஒரே கலவையில் வந்ததாக இருக்கட்டும். பசையிலுள்ள கந்தக அமிலம் பிசின் குழாயின் வாய் அடைபடாமல் வைத்து ஒழுக்கை நீட்டுகிறது. எத்திஃபான் எத்திலீனை விட்டுப் புதுக் குழாய்களைத் தூண்டுகிறது. பசையில் எத்திஃபான் ஏறினால் மரத்துக்கு மரம் வித்தியாசம் சுருங்கலாம், விரியலாம். கலவை மாறிய தேதியைத் தாண்டி எடைகளை ஒன்றாகக் கூட்டாதீர்கள்.

பையில் மழைத்தண்ணீர் நிற்கும். எடை போடும் முன் வடித்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீருக்கும் சேர்த்துப் பிளஸ் மரம் பட்டம் கொடுத்துவிடுவீர்கள். எந்த மரத்தை யார் சீவினார் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு ஆள் ஆழமாகப் போடுவார், ஒருவர் மேலோட்டமாக இழுப்பார். ஒரே ஆள் ஒரு வரிசை முழுக்கப் போனால் அந்த வரிசையே நல்ல வரிசை மாதிரி தெரியும்.

கொண்டல்:
விவாதத்துக்காகக் கேட்கிறேன். பிசினுக்கென்றே வைத்த தோட்டம். வளர்ச்சியில் முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பின்னே ஏன் அதையும் தேர்வில் வைக்க வேண்டும்? தேர்வு முழுவதையும் பிசின் மீதே வைத்தால் இரண்டு தலைமுறையில் இரட்டிப்பாகுமே.

வேரடி:
மரத்துக்கு எத்தனை கிலோ என்று மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் கொண்டல். தோட்டக்காரருக்குக் காசு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, எத்தனை வருடம் என்பதில் வருகிறது. பிசின் எடுக்க 16-18 செ.மீ. விட்டம் வேண்டும். அந்த அளவை ஒரு வருடம் முந்தி எட்டும் நாற்றானால் ஒரு பருவம் முழுதாகக் கூடுதல், முதலீடு ஒரு வருடம் முன்பே திரும்பத் தொடங்கும். கடைசியில் மரத்தை அறுவைக்கு விற்கும்போது பருமனுக்குத்தான் விலை.

பருமனை விட்டுவிட்டால் இன்னொரு வம்பும் உண்டு. கணக்கன் சொன்னபடி விட்டத்துக்குத் திருத்திய மிச்சத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தால், மெலிந்து நன்றாக ஒழுகும் மரங்கள் பட்டியலில் மேலே வந்து உட்காரும். விட்டத்திலும் கொஞ்சம் மரபு இருக்கிறது, அதைத் திருத்தத்தோடு சேர்த்துக் கழுவிவிடுகிறோம். அதனால் மிச்சம் பிசினுக்கு ஒரு மதிப்பெண், உயரமும் விட்டமும் தனியாக இன்னொரு மதிப்பெண்.

கணக்கன்:
ஆமாம், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். மிச்சத்தை அதன் சிதறலால் (திட்ட விலக்கம்) வகுத்துச் சீராக்குங்கள், உயரமும் விட்டமும் தரும் கன அளவையும் அப்படியே. இரண்டுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று எடை கொடுத்துக் கூட்டினால் தேர்வுக் குறியீடு. எடை என்பது காசுக் கணக்கு: ஒரு கிலோ பிசின் விலை, ஒரு கன மீட்டர் மர விலை, எத்தனை வருடம் கழித்துக் கைக்கு வரும் என்ற கழிவு. உங்கள் இடத்து விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள், வேறு நாட்டு எடையைக் கடன் வாங்காதீர்கள்.

நாற்றங்கால்:
பிசின் செய்ய மரம் சர்க்கரையைச் செலவழிக்கிறது, அது வளர்ச்சியிலிருந்துதானே போக வேண்டும்? இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்காதா?

வேரடி:
பிசினின் மூலப்பொருளான டெர்பீன் ஒரு கிராம் செய்ய மூன்று கிராமுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும், செலவு உண்மைதான். பிசின் எடுக்கப்படும் மரம் எடுக்காத மரத்தைவிடக் குறைவாகப் பருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது காயத்தின் விளைவு. மரபளவில் ஸ்லாஷ், அதன் உறவான லாப்லாலி பைன் இரண்டிலும் பிசினும் வளர்ச்சியும் பெரும்பாலும் லேசாக ஒரே பக்கம்தான் சாய்கின்றன. பெரிய இலைப்பரப்பு இரண்டுக்கும் ஊட்டுகிறது. அதனால் இரண்டிலும் மேலே நிற்கும் மரங்கள் கிடைக்கும், தேடினால் போதும்.

ஒரு விஷயத்தில் பிரேசிலுக்கு வசதி. அமெரிக்கத் தென்கிழக்கில் ஓக் மரம் வழியாக வரும் ஃபியூசிஃபார்ம் துரு நோய்க்கு எதிர்ப்பு பார்க்காமல் ஸ்லாஷ் பைனில் எதையும் தேர முடியாது. தேர்வு வலிமையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். பிரேசிலில் அந்தத் துரு கிடையாது, அந்த இடத்தைப் பிசினுக்குக் கொடுக்கலாம். அங்கே கவனம் வேண்டியது சைரெக்ஸ் மரக்குளவி. 1988இல் ரியோ கிராண்டே டோ சுல்லில் தென்பட்டது. நெருக்கத்தில் வாடும் மரங்களையே முதலில் பிடிக்கும். அதற்கு மருந்து, உரிய நேரத்தில் அடர்த்தி குறைப்பதும் குளவியை மலடாக்கும் டெலாடினஸ் நூற்புழுவும். மரத் தேர்வால் தீரும் காரியம் இல்லை.

மலைநாடு:
வணக்கம். இலங்கை மலைப்பக்கத்துப் பைனஸ் காடுகளிலும் பிசின் எடுக்கிறாங்க. இங்க நிற்பது பெரும்பாலும் கரிபியன் பைனஸ். இதே முறையில தாய்மரம் பொறுக்கி விதை எடுக்க ஏலுமா?

வேரடி:
பொறுக்கலாம், அளக்கும் முறையும் இதேதான். ஆனால் விதையில்தான் இடிக்கும். கரிபியன் பைனில், முக்கியமாக ஹோண்டுரென்சிஸ் வகையில், நிலநடுக்கோட்டை ஒட்டிய ஈரப் பகுதிகளில் கூம்பு காய்த்தாலும் உள்ளே பொக்குதான் அதிகம். ஆண் பூவும் பெண் பூவும் ஒன்றாக வருவதில்லை, தெளிவான வறட்சிக் காலமும் இல்லை. ஒரு மரத்தில் பத்துக் கூம்பு பறித்து வெட்டிப் பாருங்கள். நெடுக்காக இரண்டாக வெட்டி வெட்டுமுகத்தில் தெரியும் நிறைந்த விதைகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் இல்லையென்றால் விதை வழியை விட்டுவிட்டு ஒட்டுக்கட்டி, வறட்சிக் காலம் தெளிவாக உள்ள இடத்தில் விதைத் தோட்டம் வைக்க வேண்டும்.

நரிவால் மரங்களைத் தேர்ந்துவிடாதீர்கள். கிளையே விடாமல் பல மீட்டர் நீளும் மரம் உயரத்தில் ஏமாற்றும், காற்றில் ஒடியும்.

பிசின்_பை:
அங்கே இன்னும் பிசின் எடுக்காத துண்டு இருந்தால் பெரிய காயம் போடாமலே முதற்கட்டம் வடிகட்டலாம் மலைநாடு. சின்னக் காயச் சோதனை. 1.3 அல்லது 2.5 செ.மீ. வட்ட உளி, சுத்தியல், 50 மில்லி பிளாஸ்டிக் குழாய், ஒழுக்கைக் குழாய்க்குள் இறக்க ஒரு தகர வாய்க்கால்.

மார்பளவு உயரத்தில் வெளிச் செதிலை மழித்து, உளியால் மரத்தின் மேற்பரப்பு வரை பட்டையை வட்டமாக எடுக்கணும். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு காயம். சரியாக 24 மணி நேரம் கழித்துக் குழாயைக் கழற்றி 0.1 கிராம் துல்லியத்தில் எடை. அமிலம், பசை எதுவும் தடவக் கூடாது. வெயில் நன்றாக ஏறிய நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த நாளில் எல்லா மரமும் கஞ்சத்தனம் காட்டும், வித்தியாசம் தெரியாது. ஒரு மாதம் கழித்து வேறு பக்கத்தில் மறுபடி.

தவறு எங்கே வரும் என்றால், ஒன்று, உளி மரத்துக்குள் இறங்கிவிடும், ஒழுக்கு எகிறும். இரண்டு, ஏற்கனவே சீவிய மரத்தில் சோதிப்பது. காயத்தால் தூண்டப்பட்ட புதுக் குழாய்கள் அங்கே இருக்கும், இயல்பு ஒழுக்கு தெரியாது. மூன்று, 300 மரத்தை மூன்று நாளில் குத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது. நேற்று 24 டிகிரி, இன்று 31 டிகிரி என்றால் இன்று குத்தியவை எல்லாம் பிளஸ் மரமாகிவிடும்.

சிவாலிக்:
இமயமலை அடிவாரத்து சீர் பைனுக்கும் இது பொருந்துமா?

பிசின்_பை:
பொருந்தும். ஆனால் சீர் பைனில் தடி முறுக்கு என்ற தனிப் பிரச்சினை உண்டு, அது மரபில் இறங்கும். பிசின் எவ்வளவு ஒழுகினாலும் முறுக்கிய நார் கொண்ட மரத்தைக் கழித்துவிட வேண்டும், அறுவைக்கு உதவாது. சீர் பைன் டர்பன்டைனில் (பிசினைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெய்) 3-கேரீன் என்ற உட்பொருள் அதிகம், ஆல்ஃபா, பீட்டா பைனீன் குறைவு. விலையும் அதற்கேற்பக் கீழே. அதனால் அங்கே அளவோடு சேர்த்து உட்பொருளையும் பார்த்துத் தேர்வது நல்லது.

நாற்றங்கால்:
ஒரு பருவ எடை, கோட்டுக் கணக்கு, குறியீடு, இதுவரை புரிந்தது. மேலே 40 மரம் தேறியது என்று வைப்போம். அடுத்து?

கூம்பு:
அவசரத்துக்கு ஒரு வழி, நிதானத்துக்கு ஒரு வழி. இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள்.

அவசர வழி, நிற்கும் தோட்டத்திலேயே ஒரு துண்டை விதைக் காடாக்குவது. சராசரி நன்றாக உள்ள 2-3 ஹெக்டேரை ஒதுக்கி, ஹெக்டேருக்கு 100-150 நல்ல மரம் மட்டும் விட்டு மற்றதை வெட்டி எடுக்க வேண்டும். சுற்றி 100 மீட்டருக்காவது தேறாத பைன் நிற்கக் கூடாது. தகப்பன் மகரந்தத்தையும் இது உயர்த்தும். பலரும் சறுக்குவது பறிக்கும் காலத்தில். ஸ்லாஷ் பைனில் மகரந்தம் விழுந்து கூம்பு முற்ற ஏறக்குறைய 20 மாதம். ஃபுளோரிடாவில் ஜனவரி-பிப்ரவரியில் மகரந்தம், அடுத்த வருடம் செப்டம்பரில் கூம்பு. தெற்கு பிரேசிலில் ஆறு மாதம் தள்ளி ஜூலை-ஆகஸ்டில் மகரந்தம், வருடம் ஒன்று விட்டு மார்ச் வாக்கில் கூம்பு. இந்த மார்ச்சில் வெட்டிக் கலைத்தால் அடுத்த மார்ச்சில் முற்றும் கூம்பெல்லாம் பழைய தகப்பன்களுடையது. அதை விட்டுவிட்டு அதற்கடுத்த மார்ச்சில் பறியுங்கள்.

பறிக்கும் நாளுக்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. பறித்த உடனே கூம்பை எஸ்ஏஇ 20 இன்ஜின் ஆயிலில் போடுங்கள். மிதந்தால் முற்றிவிட்டது, மூழ்கினால் பொறுங்கள். ஒரு மரத்துக்கு ஐந்து கூம்பு போட்டு பெரும்பாலானவை மிதந்தால் அந்த மரத்தைப் பறிக்கலாம். வெட்டி வைத்துவிட்டு மறுநாள் மிதக்கவிடாதீர்கள், காய்ந்த கூம்பு எப்படியும் மிதக்கும். உலர்த்தும் சூளையில் 49 டிகிரியைத் தாண்டக் கூடாது. விதை ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, உறையும் குளிரில் வைத்தால் பல வருடம் தாங்கும். கிலோவுக்கு 30,000 விதை வாக்கில் வரும்.

நிதான வழி ஒட்டுக்கட்டி விதைத் தோட்டம். அதை ஒட்டுக்கத்தி எழுதட்டும்.

ஒட்டுக்கத்தி:
12 வயது மரத்துத் தண்டுத்துண்டை அப்படியே வேர்விட வைக்க முடியாது, முயற்சி வீண். முதிர்ந்த மரத்துக்கு ஒட்டு ஒன்றே வழி.

ஒட்டுக்குச்சி கொண்டையின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து, வெயில் படும் கிளை நுனி. நீளம் 10-15 செ.மீ., பென்சில் கனம், மொட்டு உறக்கத்தில் இருக்க வேண்டும். மொட்டு நீளத் தொடங்கிவிட்டால் அந்த வருடம் விட்டுவிடுங்கள். வெட்டியதும் ஈரத் தாளில் சுற்றிப் பனிக்கட்டிப் பெட்டியில். இரண்டு மூன்று நாளுக்குள் கட்டினால் நல்லது.

அடிச்செடி தொட்டியில் ஒன்றரை, இரண்டு வயது. நுனித்தண்டை வெட்டி நடுவில் 4 செ.மீ. பிளவு. குச்சியை இருபுறமும் ஆப்பாகச் சீவி இறக்க வேண்டும். வெட்டு ஒரே இழுப்பில் வர வேண்டும், இரண்டாம் முறை தீட்டினால் முகம் மேடுபள்ளமாகி இடைவெளி விழும். வளர்திசு (பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலம்) ஒரு பக்கமாவது சரியாகப் பொருந்தணும். ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே மெழுகு, அதன் மேல் பிளாஸ்டிக் பை, அதற்கும் மேல் வெயில் தடுக்கக் காகிதப் பை. மொட்டு நகரத் தொடங்கியதும் பையின் மூலையை வெட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து முழுதும் எடுங்கள். ஒரே நாளில் எடுத்தால் சுருண்டுவிடும். அடிச்செடியின் பக்கக்கிளைகளை முதலில் முழுக்க வெட்டாதீர்கள். சில ஊசிகள் வேருக்கு உணவு தர வேண்டும். ஒட்டு வளர வளரக் குறைத்துக்கொண்டே போகலாம்.

சில மரங்கள் நன்றாக ஒட்டி, நான்கு ஐந்து வருடம் கழித்து ஒட்டுமுகத்தில் வீங்கிச் சாகும். பொருந்தாமை அது, கை பிசகு இல்லை. ஆகவே தேர்ந்த ஒவ்வொரு மரத்துக்கும் தேவைக்கு மேலாகவே ஒட்டுச் செடி வைத்திருங்கள்.

கூம்பு:
நடும்போது ஒரே தாய்மரத்து ஒட்டுச் செடிகள் ஒன்றுக்கொன்று 30 மீட்டருக்குள் வரக் கூடாது. தன் மகரந்தம் தானே பெற்றால் விதை பொக்காகும், முளைத்ததும் குட்டையாகும். இடைவெளி 9-10 மீட்டர். குறைந்தது 20, முடிந்தால் 30 தாய்மரம், ஒன்றுக்கொன்று உறவில்லாமல். 40 பிளஸ் மரத்தில் ஐந்து ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருந்தால் உடன்பிறப்பாக இருக்க வாய்ப்பு, ஒன்றை மட்டும் எடுங்கள்.

வெளியிலிருந்து வரும் மகரந்தம் பெரிய தலைவலி. அமெரிக்கத் தென்பகுதித் தோட்டங்களிலேயே மூன்றில் ஒரு பங்கு வாக்கில் வெளித் தகப்பன் என்று கண்டிருக்கிறார்கள். உங்கள் கடலோரத்தில் எல்லாப் பக்கமும் ஸ்லாஷ் பைன், அதோடு மணல்மேடுகளில் தானாக முளைத்துப் பரவியதும் நிற்கும். அந்தத் தான்தோன்றி மரங்களை விதைத் தோட்டத்தைச் சுற்றியாவது வெட்டிவிடுங்கள். அந்த ஊர்ப் புல்வெளிக்கும் அது நல்லது.

உச்சத்தில் உள்ள ஐந்தாறு மரத்துக்குக் கைக்கலப்பு செய்யுங்கள். பெண் மொட்டு செதிலைக் கிழித்து வெளிவருவதற்கு முன்பே மகரந்தம் புகாத பை. ஆண் பூங்கொத்து மஞ்சளானதும், உதிருவதற்கு ஓரிரு நாள் முன்பு பறித்து, 27-30 டிகிரியில் வறண்ட அறையில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, ஈரம் 8-10 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஈரம் கூடுதலாக இருந்தால் குளிர்பெட்டியில் கட்டியாகிச் செத்துவிடும். பெண் கூம்பின் செதில்கள் நன்றாக விரிந்து நிற்கும் இரண்டு மூன்று நாள்தான் சரியான வேளை. பைக்குள் ஊசி வழியாகத் தூவி, ஒரு நாள் விட்டு மறுபடி. செதில் தடித்து மூடியதும் பையை எடுத்துவிடுங்கள். வெயிலில் பை உள்ளே வேகும், தாமதித்தால் பிஞ்சு உதிரும்.

கொண்டல்:
இவ்வளவு விதை வேலைக்குப் பதில் ஒரே சிறந்த மரத்தை நகல் எடுத்துத் தோட்டம் முழுக்க நட்டால் என்ன?

ஒட்டுக்கத்தி:
நகல் எடுக்கலாம், ஆனால் அந்த 12 வயது மரத்தை நேரடியாக அல்ல. கைக்கலப்பு விதையில் வந்த நாற்றுகளை 30-50 செ.மீ. உயரத்தில் வெட்டி வெட்டிப் புதர் வேலியாக வைத்து, அதன் இளந்தளிரை 8-10 செ.மீ. வெட்டிப் பனித்தூவல் அறையில் வேர்விட வைப்பார்கள். நான்கைந்து வருடத்துக்கு மேல் வேலியை வைத்திருந்தால் முதிர்ச்சி ஏறி வேர் பிடிப்பது குறையும், செடியும் ஒருபக்கம் சாய்ந்து வளரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஸ்லாஷ் தாய்க்கும் ஹோண்டுரென்சிஸ் தகப்பனுக்கும் பிறந்த முதல் தலைமுறைக் கலப்பைத் தண்டுத்துண்டு வழியாகவே பெரிய அளவில் நட்டார்கள். கலப்பு விதை கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் அதைப் பெருக்க இதுவே வழி. கலப்பு நன்றாகவும் வேர்விடும்.

வேரடி:
அந்தக் கலப்பு ரியோ கிராண்டே டோ சுல்லுக்கு யோசிக்க வேண்டிய விஷயம். ஹோண்டுரென்சிஸ் வளர்ச்சி தரும், உறைபனி தாங்காது. ஸ்லாஷ் பனியும் தாங்கும், நீர்தேங்கும் மண்ணும் தாங்கும். கலப்பு நடுவில் நிற்கும். சாவோ பாவ்லோ பக்கம் அதற்கு இடம் உண்டு, உங்கள் ஊரில் சிறு சோதனைக்கு மேல் போக வேண்டாம்.

ஒரே நகலைத் தோட்டம் முழுக்க நடுவது எந்த ஊரிலும் வேண்டாம் கொண்டல். ஒரு மரத்தின் பிசின் அளவை ஒரே இடத்தில் ஒரே வளர்நிலையில் பார்த்துவிட்டு நூறு ஹெக்டேருக்கு நீட்டுகிறீர்கள். சந்ததிச் சோதனை (தாய்மரங்களின் பிள்ளைகளை நட்டு அளந்து ஒப்பிடுவது) முடியாமல் எதையும் பெருக்காதீர்கள்.

கணக்கன்:
சந்ததிச் சோதனை அமைப்பு: 40 குடும்பம், மூன்று இடம், இடத்துக்கு 30 தொகுதி (ஒரே மாதிரி மண்ணுள்ள சிறு நிலத்துண்டு), தொகுதிக்குள் குடும்பத்துக்கு ஒரு மரம். மொத்தம் 3,600 மரம். வரிசையாக ஒரே குடும்பத்துப் பத்து மரம் நடும் பழைய முறையைவிட இது நிலத்து ஏற்றத்தாழ்வை நன்றாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் தேர்வு செய்யாத சாதாரண விதைக் குடும்பம் ஒன்றைக் கூடுதலாகச் சேருங்கள். அது இல்லாமல் 'எவ்வளவு முன்னேறினோம்' என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சுற்றி இரண்டு வரிசை காவல் மரம்.

பிசின் அளக்க 5-6 வயது, விட்டம் 10 செ.மீ. தாண்டியதும் சின்னக் காயச் சோதனை. எல்லாத் தொகுதியும் தேவையில்லை, இடத்துக்கு 15 போதும். பிசின்_பை சொன்ன வெப்பச் சிக்கலுக்கு விடை இங்கே அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு தொகுதியை ஒரே நாளில் முடியுங்கள். 41 மரம், 82 குழாய், இரண்டு பேர் முடித்துவிடலாம். நாளுக்கு நாள் வெப்பம் மாறினாலும் அந்த வித்தியாசம் தொகுதி வித்தியாசத்தோடு சேர்ந்து கழிந்துவிடும். ஒரு தொகுதியைப் பாதியில் விட்டு மறுநாள் தொடர்ந்தால் இந்த வசதி போச்சு.

இளம் வயது ஒழுக்கு பிற்காலப் பருவ எடையோடு நன்றாக ஒத்துப்போகும், ஆனால் முழுக்க அல்ல. கீழ்ப்பாதிக் குடும்பங்களைக் கழிக்க 6 வயது அளவு போதும். முதலிடம் யாருக்கு என்று முடிவு செய்ய உண்மையான பை எடை வரும்வரை பொறுங்கள்.

நாற்றங்கால்:
விதைத் தோட்டத்தில் ஒட்டுச் செடிகள் நிற்கும்போது இந்த முடிவு வந்தால் மோசமான தாய்மரங்களை வெட்டிவிடுவதா?

கூம்பு:
அதற்குத்தான் முதலில் 20, முடிந்தால் 30 தாய்மரம் வைக்கச் சொன்னது. கீழ்ப் பாதியை வெட்டி எடுங்கள், மேல் பாதிக்கு வெயிலும் கிடைக்கும், கூம்பும் கூடும். வெட்டும் முன் பலகையிலுள்ள பெயரை நம்பாதீர்கள். ஒட்டுக்கட்டும்போது பெயர் மாறுவது எல்லாத் தோட்டத்திலும் நடக்கும். ஸ்லாஷ் பைனில் பீட்டா பைனீன் அளவு பெரும்பாலும் ஒரே மரபணுவின் ஆட்சியில் இருக்கிறது, மிர்சீனும் அப்படியே. ஒரே தாய்மரத்து ஒட்டுச் செடிகளின் கிளைப்பட்டைப் பிசினை வாயுப் பகுப்பி கருவியில் ஓட்டினால் எல்லாம் ஒன்றுபோல வர வேண்டும். டிஎன்ஏ சோதனைக்கு வசதி இருந்தால் அது இன்னும் உறுதி. ஏதாவது ஒன்று மட்டும் விலகி நின்றால் பெயர்ப் பலகையைத் திருத்துமுன் ஒட்டுமுகத்துக்குக் கீழே பாருங்கள். ஒட்டு செத்து, அடிச்செடியின் பக்கக்கிளை எழும்பி மரமாகியிருக்கும்.